தொகை கேட்காத பட்டம்

அந்த மருத்துவமனையில் கொடையாளர்களுக்குத் தனி வாசல் உண்டு. பட்டத்தோடு பெயரைச் சொல்லி வரவேற்ற பிறகுதான் இயந்திரம் கதவைத் திறக்கும், மருத்துவரிடம் அனுப்பும்.

காலையில் வந்த ஒருவர், தன் ஆறு பட்டங்களில் ‘கல்விக் காவலர்’ நாலாவதாக வந்துவிட்டதென்று கால் மணி நேரம் கத்தினார். அவர் கொடுத்தது இரண்டு மின்விசிறி. இறக்கைக்கு இறக்கை அவர் பெயர்தான்.

அடுத்து வந்தவள் முத்துப்பேச்சி. மருத்துவமனைத் தலைவருக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தவள். தையல் போட்ட இடத்தில் சீழ், மூன்று நாளாகக் காய்ச்சல்.

“பட்டம் காலியாக உள்ளது,” என்றது இயந்திரம்.

பதிவு எழுத்தர் தமயந்தி ‘திருமதி’ என்று அடித்தாள்.

“அது பொதுமக்களுக்கானது.”

‘வள்ளல்’ என்று அடித்தாள்.

“நன்கொடைத் தொகை பூஜ்யம்.”

“கிட்னி குடுத்திருக்காங்க!” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள் தமயந்தி. கிட்னிக்கு அதில் கட்டம் இல்லை.

பட்டியலின் அடிவரை தேடியதில், தொகை கேட்காத பட்டம் ஒன்றே ஒன்று கிடைத்தது. அவள் கை தயங்கியது.

“ஏதோ ஒண்ணப் போடு தாயி, நிக்க முடியல,” என்றாள் முத்துப்பேச்சி.

போட்டாள். உடனே மங்கள இசை ஒலித்தது. திரையில் முத்துப்பேச்சியின் படம் மாலையோடு வந்தது.

“அமரர் முத்துப்பேச்சி அவர்களே, வருக! தங்கள் கொடைக்குத் தலைவணங்குகிறோம். இனித் தேவையில்லை என்பதால் தங்கள் பரிசோதனை ரத்து செய்யப்படுகிறது.”

தமயந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

முத்துப்பேச்சி மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ரெண்டு நாள் முந்திப் போட்டுட்ட தாயி, அவ்வளவுதான்.”