கறுப்புப் பூச்சு

லாரி ஓட்டும் மாசானம் சந்தையில் இரண்டு மலிவான மடக்குக் கத்திகள் வாங்கினார். ஒன்று கறுப்புப் பூச்சு பூசியது. மற்றது பூச்சில்லாத வெள்ளைக் கத்தி. கறுப்பின் அழகு கெட்டுவிடும் என்று அதை வண்டிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு, எல்லா வேலைக்கும் வெள்ளையையே எடுத்தார்.

சாயங்காலம், கொய்யாப்பழம் நறுக்கிய வாசனையோடு வெள்ளைக் கத்தி பெட்டிக்குத் திரும்பும்.

"உடம்பெல்லாம் கீறல். உனக்கு வருத்தமாக இல்லையா?" என்று கறுப்பு கேட்கும்.

"இது தார்ப்பாய் வளையத்தில் உரசியது. இது, ஒரு கன்றுக்குட்டியின் கழுத்தில் இறுகிய கயிற்றை அறுத்தபோது அதன் மணி பட்டது," என்று வெள்ளை சொல்லிக்கொண்டே போகும்.

"என் மேல் ஒரு கோடுகூட இல்லை," என்று கறுப்பு பெருமையாகச் சொல்லும். ஆனாலும் மறுநாள் சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருக்கும்.

ஒருநாள் மாசானம் வெள்ளையை எங்கோ ஒரு டீக்கடை பெஞ்சில் மறந்துவிட்டு வந்தார். வேறு வழியில்லாமல் கறுப்பை எடுத்து, கிரீஸ் டப்பாவின் மூடியை நெம்பினார். பூச்சு நீளமாக உரிந்தது. உள்ளே அதுவும் வெள்ளையாகத்தான் இருந்தது.

பெட்டிக்குத் திரும்பியதும் கறுப்பு ஆசையோடு, "இது டப்பா மூடியில் பட்டது," என்று ஆரம்பித்தது.

கேட்க அங்கே யாரும் இல்லை.