சங்கத்தின் வாடகைக்காரர்

எங்கள் தெருவிலுள்ள பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் உண்டு. ஒருகாலத்தில் ஆளுக்கு ஒருநாள் கூலி கொடுத்துக் கட்டியது. நிரந்தரத் தொழிலாளிகள் குறையக் குறையச் சந்தாவும் வற்றியது. செயலாளர் சின்னராசு மாடிக்கு ஏறிக்கொண்டு, கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டார். யாருக்கு என்கிறீர்கள்? அதே ஆலைக்கு ஒப்பந்தக் கூலியாள் பிடித்துத் தரும் மாணிக்கவேலுக்கு! நமக்கென்ன, ஜன்னல் இருக்கிறது, பார்த்தோம்.

போன வாரம் மாணிக்கவேல் சில பெண்களை வேலையைவிட்டு நிறுத்தினார். அவர்களில் பூங்கொடி மாடியேறிப் போய், "போராட்டம் வைங்கண்ணா" என்றாள். வைத்தார்கள், சங்க வாசலிலேயே. மாடியிலிருந்து மைக் வயர் எட்டவில்லை. மாணிக்கவேலே வாங்கித் தன் அலுவலகத்தில் சொருகினார்.

"நம்ம கரண்டுதானுங்கண்ணா, எடுத்துக்குங்க. வெயிலா இருக்குது, மோர் சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்க" என்று சின்னராசு குழைந்ததை மைக் தெருவுக்கே சொன்னது. அடுத்து அவர், மாணிக்கவேல் ஒழிக என்று சொல்லியாக வேண்டும். தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். எனக்கே பார்க்கக் கூசியது. பூங்கொடி விடுவிடுவென்று உள்ளே போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். வெளியே வந்து வெறும் தொண்டையில் கோஷமிட்டாள்; மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சின்னராசு செத்த மைக்கை வாயருகே பிடித்தபடி உதடுகளை மட்டும் அசைத்தார்.