தங்கத் துகள்களின் நீச்சல்

"அந்தக் கட்டுரையை எழுதின ஆளு கண்ணால பாத்தானா, இல்ல கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தானா?" என்று கேட்டுவிட்டுப் பேராசிரியர் குவெக் கோப்பியை உறிஞ்சினார்.

அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்க்கும் சுரியானிக்குச் சிரிக்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, இன்று காலைதான் துணிந்து தான் எடுத்த நுண்ணோக்கிப் படங்களை அவர் அறைக்குக் கொண்டுவந்திருந்தாள்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தண்ணீரைப் பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கதிர் பட்டதும் குமிழி கிளம்பும். படம் கஞ்சித் தண்ணீராகக் கலங்கிவிடும். சுரியானி தண்ணீரை மெல்லிய படலமாக்கி, கதிரையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்திருந்தாள். படம் பளிச்சென்று விழுந்தது. தண்ணீருக்குள் தங்கத் துகள்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

வம்பே அதுதான். அவை தாமாகவே நீந்திப்போய் ஒன்றோடொன்று சேர்கின்றன என்று பதினோரு வருடத்துக்கு முன்பு வந்த கட்டுரையைத்தான் துறையே நம்பிக்கொண்டிருந்தது.

"கதிரைக் கூட்டினா ஓடுது, குறைச்சா நிக்குது புரொஃபசர். நாலு தடவை செஞ்சு பாத்துட்டேன்."

குவெக் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அப்ப அது நீச்சலே இல்ல! கதிர் பிடிச்சுத் தள்ளியிருக்கு. இதுக்கு அந்தப் புத்திசாலி விருது வேற வாங்கினான். மேடையில நீந்தியே காட்டினான்!"

"அப்ப இருந்த கருவி அப்படி. யாரா இருந்தாலும்..."

"கருவி மேல பழி போடாத. கதிரைக் குறைச்சுப் பாக்க எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி நேரம்."

"அது அவனுக்குக் கெடைக்கல. படம் அழகா இருந்துச்சு, மயங்கிட்டான்."

சுரியானியின் வேலை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. "இதை வெளியிட்டா அவருக்குக் கோபம் வராதா? பெரிய ஆளாச்சே."

"வரும். ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது. நீ எழுது. ஆனா உன் பேரை மட்டும் போடு, என் பேரு வேண்டாம்."

சொல்லிவிட்டுக் கணினியில் மளமளவென்று எதையோ தட்டினார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"எழுத்துப் பிழை இருக்கா பாரு."

அறிவியல் இதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதம்:

"பதினோரு ஆண்டுகளுக்கு முன் உங்கள் இதழில் நான் எழுதிய கட்டுரை தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன். தவறைக் கண்டுபிடித்தவர் சுரியானி. இப்படிக்கு, குவெக் செங் வாட்."