இடுப்பு உயரத்தில் ஒரு வளையம்

பழைய கம்பி ஹேங்கரை இரண்டு கைகளாலும் இழுத்து வளைத்தாள். வட்டம் வரவில்லை. முட்டைதான் வந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த கணவர் வாயைத் திறந்து சிரிக்கவில்லை. ஆனால் மீசை சிரித்தது.

முழங்காலில் வைத்து அழுத்தியதும் ஹேங்கர் ஒருவழியாக வழிக்கு வந்தது. மழைக்காலத்தில் கட்டி மாட்டிய இலை வளையம் இப்போது தொட்டாலே பொடிப்பொடியாக உதிர்கிறது. குளிரும் தொடங்கிவிட்டது. இனியும் தள்ளிப்போட முடியாது.

செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஹேங்கர் வீட்டில் கிடந்தது. கட்டுவதற்குக் கிழிந்த திரைச்சீலையின் ஓரமும் மூலையில் கிடந்த மெல்லிய கம்பிச் சுருளும். இலையும் குச்சியும் பைன் காயும் பூங்காவில் உதிர்ந்தவை. காலை நடை போய்விட்டு வரும் எதிர்வீட்டு டீச்சர் பை நிறையப் பொறுக்கி வந்து கொடுத்துவிடுவாள்.

அவளே போய்ப் பொறுக்கினால் என்ன? மாடியில் துணி காயப்போடக்கூட அவளால் போக முடிவதில்லை. குளிக்கப் போனாலும் காதை வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

கணவர் பூட்டுக்காரர். ஊரில் பாதி வீடுகளுக்குப் பூட்டு மாட்டியவர். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் திறந்துவிட்டவர். மனைவியின் பெயர், மகனின் முகம், காலையில் சாப்பிட்டோமா இல்லையா, எல்லாம் ஒவ்வொன்றாகத் தலையை விட்டு இறங்கிப் போய்விட்டன. விரல்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை. புதிது புதிதாக அவள் வாங்கி மாட்டிய பூட்டுகளெல்லாம் அவருக்கு நல்ல பொழுதுபோக்காயின. ஒரு கொண்டை ஊசி போதும்.

போன வாரம், அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவள் திரும்புவதற்குள் கிளம்பிவிட்டார். பெரிய ரோட்டின் நடுவில், லாரிகளுக்கு இடையே, கருவிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்த பாவனையில் வெறுங்கையோடு நின்றவரை யாரோ புண்ணியவான் கொண்டுவந்து சேர்த்தார்.

மகன் போனில் சத்தம் போடவில்லை. நிதானமாகச் சொன்னான். இன்னொரு தடவை இப்படி ஆனால் அப்பாவை ஹோமில் சேர்த்துவிடுவானாம். வாரம் ஒரு நாள் போய்ப் பார்க்கலாமாம்.

அவள் கம்பியை நறுக்கி நறுக்கி இலைக்கொத்துகளை வளையத்தோடு முறுக்கினாள். விழுந்த துண்டுகளை உடனுக்குடன் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இலைகளைத் தரம் பிரிக்கும் வேலையை அவருக்குக் கொடுத்திருந்தாள்.

"மேடம், கொஞ்சம் சீக்கிரம் முடிங்க. வீட்ல ஒருத்தி சாப்பிடாம காத்துக்கிட்டு இருப்பா."

இதோ ஆயிற்று என்றாள் அவள். அந்த ஒருத்திக்குக் கல்யாணமான புதிதில் அவர் வைத்த பெயர் சோடா. தடிக் கண்ணாடியைப் பார்த்து வைத்தது. அந்தப் பெயருக்காக ஒரு வாரம் பேசாமல்கூட இருந்திருக்கிறாள். இப்போது அவள் மேடம்.

டீச்சர் கேலி செய்யாத நாளில்லை. ஊரெல்லாம் கதவுக்கு வெளியே மாட்டுகிறது, நீ உள்ளே மாட்டுகிறாய். அதுவும் இடுப்பு உயரத்தில். பூனையா வந்து பார்க்கப் போகிறது? கீழ்ப்பாதிக்கு மட்டும் எதற்கு இத்தனை இலை? பெயிண்ட் மிச்சமானால் கதவுக்கும் சுவரின் நிறத்தையே அடித்துவிடுவதா?

அவளும் கூடவே சிரித்து வைப்பாள்.

கண்ணில் படாதது அவருக்கு நினைவிலும் வராது என்று சொன்னது ஆஸ்பத்திரி நர்ஸ். சுவரின் நிறம் கதவை மறைத்துவிட்டது. பித்தளைப் பூட்டு மட்டும் மறையவில்லை. கல்யாணமான வருடம் அவரே மாட்டியது. இன்றும் பளபளப்பு போகவில்லை. போன வாரம், இலை உதிர்ந்த இடுக்கில் அது மினுங்கியதைத்தான் அவர் பார்த்திருக்க வேண்டும்.

புது வளையத்தை ஆணியில் மாட்டினாள். அடர்ந்த கீழ்ப்பாதி பூட்டின் மேல் பொருந்தி உட்கார்ந்தது. நிம்மதியாக மூச்சு விட்டு, இடுப்பைத் தடவிப் பார்த்தாள்.

நீளமான கம்பித்துண்டு ஒன்றைக் காணவில்லை.

திரும்பினாள். அவர் எழுந்து வந்து பக்கத்திலேயே நின்றிருந்தார். துண்டு அவர் கையில். இலைகளுக்கு நடுவே விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு. அதில் பித்தளை மினுங்கியது. அவருடைய கை நேராக அங்கேதான் போயிற்று.

தடுக்க அவளுக்குக் கை எழும்பவில்லை. ஒரு கணம், திறந்தால் திறக்கட்டுமே என்றுகூடத் தோன்றிவிட்டது.

அவருடைய இன்னொரு கையில் ஒரு பைன் காய் இருந்தது. அதை அந்த இடுக்கில் வைத்து, கம்பியைச் சுற்றி, விரல் நுனியால் இரண்டு முறுக்கு முறுக்கினார். அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"இங்க தெரிஞ்சுது சோடா. கண்ணுல பட்டா நான் திறந்துடுவேன்."

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து மறுபடியும் இலைகளைப் பிரிக்கத் தொடங்கினார்.

அவள் அந்தச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். கதவு இருந்த இடமே தெரியவில்லை. அவருக்கும், அவளுக்கும்.