நல்லவனாக மறுத்தவர்

"மூணு வருஷ ஒப்பந்தம், மோசேசே. கையெழுத்துதான் பாக்கி" என்றாள் தயாரிப்பாளர் ஹீதர்.

மோசேசே பேனாவைத் தொடவில்லை.

"வேண்டாம் ஹீதர். என்னைத் தொடர்லேர்ந்து அனுப்பிடுங்க."

ஹீதருக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. ஆக்லாந்தில் பத்தொன்பது வருஷம் துண்டு துக்கடா வேஷம் போட்டவர் மோசேசே. இரண்டு வசனம் பேசும் போலீஸ்காரர், கதவைத் திறந்துவிடும் காவலாளி, ஒரு படத்தில் பிணம். நாற்பத்தேழு வயதில்தான் இந்தத் தொலைக்காட்சித் தொடரில் பெரிய வேஷம் கிடைத்தது. பெண்டாட்டியை அடிக்கும் புருனோ.

நாடே அவரைத் திட்டியது. ஓட்டாரா சந்தையில் சேப்பங்கிழங்கு விற்கிற அம்மாக்கள், "உனக்குக் கிடையாது, போ. அந்தப் பொண்ணு மேல இன்னொரு தடவை கை வெச்சுப் பாரு" என்று விரட்டினார்கள்.

இப்போது ஹீதர் கொண்டுவந்திருந்தது நல்ல சேதி. புருனோ திருந்துகிறான். அழுகிறான். மனைவி மன்னிக்கிறாள். கிறிஸ்துமஸுக்குக் குடும்பம் ஒன்று சேர்கிறது.

"இனிமே ஜனங்க உங்களைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுவாங்க. வேற என்ன வேணும்?"

"அவ மன்னிக்க வேண்டாம். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிடட்டும். திரும்பி வரவே கூடாது."

"அவ போயிட்டா உங்களுக்குக் காட்சியே இல்லை. வேலையும் இல்லை."

"தெரியும்."

"காரணம்?"

"சொல்ல முடியாது. இன்னொண்ணு. அவ கிளம்பறதை அவசரமாக் காட்டாதீங்க. என்னென்ன எடுத்துக்கறா, எங்கேர்ந்து போன் பண்றா, யார் வந்து கூட்டிட்டுப் போறாங்க, எல்லாம் ஒண்ணுவிடாம வரணும்."

மூன்று நாள் வாக்குவாதம் நடந்தது. கதை எழுதுகிறவர்களுக்கு இந்த முடிவு பிடித்துப்போனது. ஹீதர் வேறு வழியில்லாமல் தலையாட்டினாள்.

அதற்குள் ஸ்டூடியோ முழுக்கப் பேச்சு.

"சிட்னியில பெரிய படமாம். இனிமே நாங்கள்லாம் கண்ணுக்குத் தெரிவோமா அண்ணே?" என்றாள் அனாஹேரா. தொடரில் அவருக்கு மனைவியாக நடிப்பவள்.

அவருக்கு வாய்ப்புத் தேடித் தரும் கிரெய்க் முகத்துக்கு நேராகவே சொன்னான். "தலைக்கனம்யா உனக்கு. இத்தனை வருஷம் பட்டினி கிடந்தே, இப்ப சோறு செரிக்கலை."

மோசேசே சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மனைவி கிளம்பும் காட்சி எடுத்த அன்று அவருக்கு வேலை கிடையாது. இருந்தும் வந்து நின்றார். அனாஹேரா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அழுதபடி ஓட, கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஓடாதே. அவன் வேலைக்குப் போன அப்புறம், பகல்ல, கடைக்குப் போற மாதிரி நிதானமாப் போ. பிள்ளைங்களோட தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துக்க. உன் போன் வேண்டாம். மருந்துக் கடையில கேட்டுப் பேசு."

"இதுக்கு இயக்குநர் நீங்களா, அவரா?" என்று எரிந்து விழுந்தாள். ஆனாலும் அப்படியே நடித்தாள்.

காட்சி ஒளிபரப்பானது. மோசேசேயின் பெயர் தொடரிலிருந்து போனது. சிட்னிப் படம் எதுவும் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து அனாஹேரா அவரைத் தேடிப் பிடித்தபோது, குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றில் கீவிப் பறவை வேஷத்தில் இருந்தார். நீள மூக்கோடு இருந்த தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இறைச்சி பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

"இதுக்குத்தான் அந்த வேலையை விட்டீங்களா?"

"பிள்ளைங்க கட்டிப் பிடிச்சுக்குதுங்க. புருனோவை யார் கட்டிப் பிடிச்சா?"

அனாஹேரா பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். "உங்க பேருக்கு ஸ்டூடியோவுக்கு வந்தது. என் தபாலோட கலந்துபோச்சு, தெரியாமப் பிரிச்சுட்டேன்."

நான்கே வரி. 'நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சின்னவன் தூக்கத்தில் அலறுவதில்லை. நன்றி.'

மோசேசே அதை இரண்டு முறை படித்தார். பறவைச் சிறகால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு இது? தொடர்ல வீட்டை விட்டுப் போனது நான். நன்றி மட்டும் உங்களுக்கா?" என்றாள் அனாஹேரா.

அவர் எழுந்துபோய், மாட்டியிருந்த தன் சட்டைப் பையிலிருந்து மடிப்பு நைந்துபோன ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார்.

"ஒப்பந்தத்துக்கு முந்தின வாரம் வந்தது. பேர் இல்லை, ஊர் இல்லை. எங்கேன்னு பதில் போடறது? வெளியே சொன்னா பத்திரிகையில வந்துடும். அவன் படிச்சுடுவான்."

அனாஹேரா பிரித்தாள். அதே கையெழுத்து.

'ஐயா, என் கணவர் என்னைப் பார்க்க விடுகிற ஒரே தொடர் உங்களுடையது. அதில் உங்களை அவருக்கு மிகவும் பிடிக்கும். வீட்டை விட்டு எப்படிக் கிளம்புவதென்று ஒரே ஒரு நாள் உங்கள் மனைவிக்குச் சொல்லித் தருவீர்களா? அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்துக்கொண்டிருப்பேன்.'