புறமுதுகு

புகை விலகியபோது மதில்மேல் ஒரே ஒரு சிப்பாய்தான் செத்துக் கிடந்தார். மற்ற இருபத்தொன்பது பேரும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, குன்றின் அந்தப் பக்கமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"கட்! கட்! ஐயோ, கட்!"

அறிவுமதி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது டேக்கும் போச்சு.

இரண்டாம் உலகப்போர் காலத்துச் சிரிப்புப் படம். ஒரு பிக்பாக்கெட், ஒரு கல்யாணச் சமையல்காரன் என்று பட்டாளத்துக்கே லாயக்கில்லாத ஐந்து பேர், வெல்வெட் கோட்டும் கூலிங் கிளாசும் போட்டுக்கொண்டு, கமாண்டோக்களாகி எதிரியின் கோட்டையைப் பிடிக்கிற கதை. செஞ்சிக் கோட்டைக்குள் வெடி வைக்க யார் விடுவார்கள்? ஊருக்கு வெளியே ஒரு பாறைக்குன்றில் பிளைவுட் மதில் கட்டி, தூரத்தில் செஞ்சியின் ராஜகிரி மலை தெரிகிற மாதிரி கேமராவை வைத்திருந்தார்கள்.

ஆறு வருடம் உதவி இயக்குநராகக் குப்பை கொட்டிய அறிவுமதிக்கு, இந்த ஒரு காட்சியை டைரக்டர் முழுசாகக் கொடுத்திருந்தார். "இத நீ ஒழுங்கா எடுத்துட்டா, அடுத்த படம் உனக்குன்னு புரொடியூசர்கிட்ட நானே சொல்றேன்" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போயிருந்தார். ஹீரோவும் இன்றைக்கே கிளம்ப வேண்டும். வெயிலும் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது.

அவளும் தன் கைவண்ணத்தைக் காட்டாமல் இல்லை. சுற்றி வளைக்கப்பட்ட கமாண்டோ தலைவன் ஒயர்லெஸ்ஸில் "துணைப்படை அனுப்புங்க!" என்று கத்துவதாக எழுதியிருந்தது, அவளுக்குப் பழைய நாடகம் மாதிரி பட்டது. காலையில் அதை அடித்துவிட்டு, அதே அர்த்தத்தில் ஸ்டைலாக ஓர் இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டாள். ஹீரோவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், எட்டூருக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். அவர் கத்தி முடித்ததும் வெடி. வெடித்ததும் மதில்மேல் இருக்கிற சிப்பாய்கள் விழ வேண்டும். அவ்வளவுதான் காட்சி.

விழுவதற்குத்தான் ஆள் இல்லை.

சிப்பாய் வேஷம் கட்டியவர்கள் எல்லாரும் பக்கத்துத் தளவானூர்க் கிராமத்து ஆட்கள். கண்டிப்பில் அறிவுமதி ஒரு குறையும் வைக்கவில்லை. முந்தின நாள் ஷூட்டிங் முடிந்தும் இவர்கள் யூனிபாரத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரிந்ததில் இரண்டு தொப்பி தொலைந்துபோனது. அதனால் காலையிலேயே வரிசையில் நிற்க வைத்து, "பேக்கப்னு குரல் கேட்டா, அடுத்த நிமிஷம் சட்டைய மடிச்சு வேன்ல வச்சிடணும். ரெண்டாவது தடவ சொல்ல மாட்டேன்" என்று விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள்.

இப்போது காஸ்ட்யூம்காரர்கள் படையை மறுபடி மேலே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பாதிப் பேர் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள்.

"ஏண்ணே, இந்த வெடிக்குப் போயி இப்படி ஓடுறீங்க? அது வெறும் புகைண்ணே!"

படைக்கு முன்னால் நின்ற தனகோட்டி வாயைத் திறந்தார். "அதில்ல மேடம், நாங்க இன்னா நெனச்சோம்னா..."

"நீங்க ஒண்ணும் நெனைக்க வேணாம். பேசாம நின்னா போதும்!"

மூன்று டேக்கிலும் நின்ற இடத்தைவிட்டு நகராமல், புகையைப் பார்த்ததும் ஒழுங்காகச் செத்தவர் பெரியதம்பி ஒருவர்தான். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது.

"அவரப் பாத்துக் கத்துக்கோங்க! வெடிச் சத்தத்துக்கு அசையுறாரா பாருங்க!" என்று அறிவுமதி அவரைக் காட்டினாள். எதற்கென்று தெரியாமலே பெரியதம்பி ஒரு சல்யூட் அடித்தார்.

ஹீரோ வாட்ச்சைப் பார்த்தார். அவருடைய மேனேஜர் கார்க் கதவையே திறந்துவிட்டார். அறிவுமதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறு வருடம் பட்ட பாடு, இருபத்தொன்பது பயந்தாங்கொள்ளிகளால் நாசமாகப் போகிறதே!

"வெடியே வேணாம்! கிராபிக்ஸ்ல பாத்துக்கலாம். கடைசி டேக்... ஆக்‌ஷன்!"

ஹீரோ ஒயர்லெஸ்ஸை வாயருகே வைத்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். வெடி இல்லை, புகை இல்லை. அறிவுமதியின் கண்ணெதிரிலேயே இருபத்தொன்பது சிப்பாய்களும் துப்பாக்கியை இறக்கி, சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி வரிசையாகத் திரும்பி நடந்தார்கள். பெரியதம்பி மட்டும் எப்போது புகை வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் செருப்பு தெறிக்கக் குன்றில் ஏறி, தனகோட்டியை வழிமறித்தாள்.

"என் பொழப்பே இதுலதாண்ணே இருக்கு! இப்பதான் வெடியே வைக்கலையே, இன்னும் எதப் பாத்துப் பயந்தீங்க?"

"பயமா? கெணத்துப் பாறைக்கு வெடி வச்சே வயசு போன ஆளுங்க மேடம் நாங்க." தனகோட்டி மடித்த சட்டையை மரியாதையாக அவளிடம் நீட்டினார். "நீங்க ரெண்டாவது தபா சொல்லமாட்டேன்னீங்க. ஹீரோ சாரே 'பேக்கப், பேக்கப்'னு நாலு தபா கத்திட்டாரு... அப்பறமும் நின்னா நல்லாவா இருக்குது?"