எல்லாம் வரும்

"இந்தக் கான்ட்ராக்டர் பாக்கி வருமா?" என்று கேட்டார் ஆடிட்டர்.

"வரும் சார்" என்றான் தம்பி.

அந்தக் கான்ட்ராக்டர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய் வெகுநாளாகிறது.

"இந்த மேஸ்திரி பாக்கி?"

"அவர் தவறிட்டார் சார். மகன் இருக்கான், குடுத்துடுவான்."

மகன் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்.

அப்பா விட்டுப்போன பெயின்ட் கடையையும், அவர்கள் உட்கார்ந்திருந்த அந்த வீட்டையும் பங்கு பிரிக்கத்தான் வெளியூரிலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். இத்தனை வருஷமும் கடையைப் பார்த்துக்கொண்டது தம்பி. பார்த்துக்கொண்டது என்ன, முழுகவிட்டது. அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால், அப்பன் சொத்தைத் தின்று ஏப்பம் விட்டவன் என்பார்கள்.

"சரக்கை என்ன விலைக்குப் போடறது? வாங்கின விலை, இன்னிக்கு விக்கிற விலை, ரெண்டுல எது கம்மியோ அதைத்தான் போடணும்."

"வாங்கின விலையே போடுங்க சார். அதுக்குக் கீழ ஒரு டப்பாகூடப் போகாது."

குடோனில் பாதி டப்பாக்களைக் குலுக்கினால் சத்தமே வராது. உள்ளே பெயின்ட் கல்லாய் இறுகிக் கிடந்தது. மீதி டப்பாக்களில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத கத்தரிப்பூ நிறம்.

ஆடிட்டர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"அவன் சொல்றதையே போடுங்க" என்றார் அண்ணன்.

தம்பிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அதற்குப் பிறகு அவன் நிறுத்தவே இல்லை. வரும். அதுவும் வரும். கண்டிப்பா வரும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சமையலறை வாசலில் நின்ற மனைவி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கூட்டிப் பார்த்தபோது, கடையின் மதிப்பு வீட்டின் மதிப்பைத் தாண்டி நின்றது.

அண்ணன் எழுந்து வந்து அவன் தோளில் கைவைத்தார்.

"கடை நீ வளத்த பிள்ளை. நீயே வெச்சுக்க. கூடுதல் பங்கு உனக்கே போகட்டும். எனக்கு இந்த வீடு போதும்."

வீட்டில் தன் பங்கை அடகு வைத்தாவது கடையைத் தூக்கி நிறுத்திவிடலாம் என்றிருந்தான் தம்பி. உள்ளறையில் அவன் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, அந்தப் பாக்கியெல்லாம்..."

"வரும்னு நீதானேடா சொன்னே" என்றார் அண்ணன், மிக அன்பாக.



அண்ணி கைப்பையைத் திறந்தாள். ஊரிலிருந்தே எடுத்துவந்திருந்த இஞ்சு டேப்போடு எழுந்து, ஜன்னல் திரைகளுக்கு அளவெடுக்கப் போனாள்.